கோப்பு போயிற்று, நூல் வரவில்லை: மின்வாசிப்பானில் நேரும் கோளாறுகளும் முறையான தீர்வுகளும்

மின்வாசிப்பான் வாங்கிய முதல் வாரத்தில் ஏறத்தாழ எல்லோரும் கேட்பது, "ஏற்றிவிட்டேன், ஆனால் தெரியவில்லையே?" என்பதுதான். கேள்வி ஒன்றாக இருந்தாலும் அதற்குப் பின்னால் கேபிள், கோப்பின் வடிவம், எழுத்துக் குறிமுறை, உரிமப் பூட்டு என்று முற்றிலும் வெவ்வேறான காரணங்கள் இருக்கக்கூடும். ஆகவே கீழே அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உறவினர்களுக்கும் வாசகர் வட்ட நண்பர்களுக்கும் சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து கொடுத்துவருவதால், நம்மவர்களிடம் மிகுதியாக இருக்கும் கிண்டில், கோபோ ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், வேறு எதையும் தொடுவதற்கு முன் கோப்பின் பின்னொட்டு என்ன, அளவு எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் கணினி பின்னொட்டை மறைத்தே காட்டும் என்பதால், கோப்பு உலாவியின் 'வியூ' பட்டியலுக்குச் சென்று அதைத் தெரியும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது கேள்விக்கும் தொழில்நுட்பத்துக்கும் தொடர்பில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பல நேரங்களில் விடை அங்கேதான் இருக்கிறது.

கேபிளை இணைத்தும் கணினியில் வாசிப்பான் தெரியவில்லை

மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும் கேபிள்கள் வீட்டில் நிறையக் கிடக்கும். அவற்றில் தரவு செல்லும் கம்பிகளே இருப்பதில்லை. அதே கேபிளால் கைபேசியிலிருந்து ஒரு படத்தைக் கணினிக்கு நகலெடுத்துப் பாருங்கள். அது முடியவில்லை என்றால் குற்றம் வாசிப்பானுடையதன்று. கோபோவில் இன்னொரு படி உண்டு: கேபிளைச் செருகியதும் திரையில் 'கனெக்ட்' என்று கேட்கும், அதைத் தொட்டால்தான் கணினிக்குக் கதவு திறக்கும்.

கேபிள் நன்றாக இருந்தும் மேக் கணினியில் மட்டும் தெரியவில்லை என்றால், உங்களிடம் இருப்பது புதிய கிண்டிலாக இருக்கலாம். 2022இல் வந்த ஸ்கிரைப், 2024இல் வந்த மாதிரிகள் ஆகியவை பழைய கிண்டில்களைப் போலப் பென்டிரைவாகத் தம்மைக் காட்டிக்கொள்ளாமல், எம்டிபி என்ற முறையில் கணினியோடு பேசுகின்றன. விண்டோஸ் இதைத் தானாகவே புரிந்துகொள்ளும். மேக்கின் ஃபைண்டருக்கு அது தெரியாது. அமேசான் தரும் மேக் செயலியையோ, மின்னூல்களை நிர்வகித்து வடிவம் மாற்றித்தரும் இலவச மென்பொருளான காலிபரையோ பயன்படுத்தலாம், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது. ஒன்று வாசிப்பானைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை மற்றொன்றுக்கு அது கிடைக்காது.

நகலெடுத்தாயிற்று, ஆனால் நூலகப் பக்கத்தில் காணோம்

கிண்டிலில் இதற்கு முதற்காரணம், மின்னூல்களின் பொது வடிவமான ஈபப் கோப்பை யூஎஸ்பி வழியாக நேரே போட்டதுதான். கோப்புகளை இணையம் வழியாகக் கருவிக்கு அனுப்பும் அமேசானின் சென்ட் டு கிண்டில் சேவை 2022 முதல் ஈபப் கோப்புகளை ஏற்றுக்கொள்கிறது என்ற செய்தியைப் படித்தவர்கள், கிண்டில் கருவியே ஈபப்பைப் படிக்கும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் சேவைதான் தன் கணினிகளில் கோப்பைக் கிண்டிலுக்குரிய வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. கருவிக்குள் நேரடியாகப் போய் விழும் ஈபப்பை கிண்டில் கண்டுகொள்வதே இல்லை. காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றி, கருவியிலுள்ள 'டாகுமென்ட்ஸ்' கோப்புறைக்குள் போட்டால் தெரியும்.

கோபோ ஈபப்பை அப்படியே படிக்கும். அதில் நூல் காணாமற்போவதற்கு அவசரமே காரணம். கேபிளைப் பிடுங்காமல், கணினியில் 'இஜெக்ட்' கொடுத்துப் பிரித்த பிறகுதான் அது புதிய கோப்புகளை எண்ணித் தன் பட்டியலில் சேர்க்கத் தொடங்குகிறது.

மின்னஞ்சலில் அனுப்பினேன், வரவே இல்லை

இதில் பொறுமையாக வரிசைப்படி பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிண்டிலுக்கும் தனி மின்னஞ்சல் முகவரி உண்டு. ஆனால் அந்த முகவரிக்கு யார் அனுப்பினாலும் ஏற்கப்படும் என்பதில்லை. அமேசான் கணக்கின் தனிப்பட்ட ஆவண அமைப்புகளில், அனுமதிக்கப்பட்ட அனுப்புநர் பட்டியலில் உங்கள் மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். என் சித்தப்பா இரண்டு நாள் என்னைத் தொலைபேசியில் துளைத்தெடுத்தார். "ஜிமெயிலைச் சேர்த்துவிட்டேன்டா தம்பி, இருந்தும் வரவில்லை" என்பதே பல்லவி. நேரில் போய்ப் பார்த்தபோது அவர் அனுப்பிக்கொண்டிருந்தது அலுவலக முகவரியிலிருந்து.

பட்டியல் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், உங்கள் அஞ்சல் பெட்டியில் அமேசானிடமிருந்து உறுதிப்படுத்தக் கேட்கும் மடல் வந்திருக்கிறதா என்று எரிதத்திலும் (ஸ்பாம்) தேடுங்கள். அந்த இணைப்பை 48 மணி நேரத்துக்குள் சொடுக்காவிட்டால் கோப்பு கைவிடப்படும். அடுத்தது அளவு: மின்னஞ்சல் வழியில் 50 எம்பி வரைதான் செல்லும். படங்கள் நிறைந்த பெரிய கோப்பென்றால் சென்ட் டு கிண்டில் இணையப் பக்கத்தில் 200 எம்பி வரை ஏற்றலாம். பழைய மோபி கோப்புகளை இந்தச் சேவை இப்போது ஏற்பதில்லை. அவற்றை ஈபப்பாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் 'ஈ999' என்ற பிழை எண்ணோடு மடல் திரும்பி வந்தால், ஈபப்பின் உள்ளே ஏதோ ஒன்று ஒழுங்கில்லை என்று பொருள். ஈபப் என்பது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு 'ஜிப்' பொதிதான். அதனுள் இருக்கும் பக்கங்களில் உடைந்த இணைப்பு, வெற்றுப் படக்குறி, மொழிக் குறிப்பில் பிழை என ஏதேனும் ஒன்றிருந்தால் முழு நூலும் நிராகரிக்கப்படும். காலிபரில் அந்த ஈபப்பை ஈபப்பாகவே மறுபடி மாற்றினால் அதன் உள்ளமைப்பு புதிதாக எழுதப்படுவதால், பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது. மாற்றுமுன் நூலின் விவரப் பக்கத்தில் மொழி 'தமிழ்' என்று இருக்கிறதா என ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல் வந்தது, ஆனால் தமிழாக இல்லை

என்னிடம் வரும் கோளாறுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனெனில் திரையில் தெரியும் குப்பையின் உருவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

தலையில் சாய்கோடு ஏந்திய சிறிய ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' குறியும் பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? அது யூனிகோடு தமிழ்தான்; படித்த விதம்தான் தவறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றில் முதலாவது எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். மேற்கத்திய மொழிகளுக்கான பழைய குறிமுறையாக எடுத்துப் படித்தால் முதல் பைட் அந்தச் சாய்கோட்டு 'ஏ'வாகவும், இரண்டாவது பைட் பெரும்பாலும் பதிவுபெற்ற வணிகக்குறியின் அடையாளமான அந்த 'ஆர்' ஆகவும் தோன்றுகின்றன. (யாருக்கும் சொந்தமில்லாத சங்கப் பாடல் ஒன்று வரிக்கு வரி வணிகக்குறியோடு வந்து நின்றதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.) ஈபப்பின் பக்கங்களில் குறிமுறை அறிவிக்கப்படாதபோது சென்ட் டு கிண்டில் இவ்வாறு தவறாக ஊகித்துவிடுகிறது. காலிபரின் 'எடிட் புக்' வசதியில் நூலைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலும் யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு இருக்கச் செய்து மீண்டும் அனுப்பினால் சரியாகிவிடும்.

'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் தெரிந்தால், அது பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட கோப்பு. கோப்பிலிருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தாம்; பாமினி எழுத்துருவைப் போர்த்தினால் மட்டுமே தமிழாகத் தோன்றும். வாசிப்பானில் எழுத்துருவைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று முயலாதீர்கள். தேடலும் அகராதியும் வேலை செய்யா. மூல உரையை யூனிகோடு மாற்றி ஒன்றில் இட்டு மாற்றிவிட்டு, அதன் பிறகு மின்னூலாக்குவதே வழி. பழைய டிஸ்கி, டாப் குறிமுறைக் கோப்புகளுக்கும் இதுவே மருந்து.

எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரிந்தால் வாசிப்பானில் தமிழ் எழுத்துரு இல்லை, அல்லது நூல் வேறோர் எழுத்துருவைக் கட்டாயப்படுத்துகிறது. நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. அவற்றைப் பதிவிறக்கி, கிண்டிலிலோ கோபோவிலோ 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறைக்குள் போட்டு, வாசிக்கும்போது எழுத்துரு பட்டியலில் தேர்ந்தெடுங்கள். விலைக்கு விற்கப்படும் எழுத்துருக்களை நூலுக்குள் பொதித்துப் பிறருக்கு அனுப்புவதில் தனி உரிமச் சிக்கல் இருக்கிறது என்பதால்தான் திறந்த உரிம எழுத்துருக்களைச் சொல்கிறேன்.

கோபோவில் எழுத்துகள் வருகின்றன, ஆனால் 'கொ'வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால், ஈபப்பைக் கோபோவின் சொந்த வடிவமான கெபப்புக்கு மாற்றிப் பாருங்கள். கோபோ இந்த இரு வடிவங்களையும் வெவ்வேறு மென்பொறிகளைக் கொண்டு காட்டுகிறது; ஒன்றில் நொண்டும் தமிழ் மற்றொன்றில் நேராக நடக்கக்கூடும்.

பிடிஎஃப் திறக்கிறது, எழுத்து எறும்பாகத் தெரிகிறது

ஏ4 தாளுக்கென அமைத்த பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் சுருக்கினால் அப்படித்தான் இருக்கும். தமிழ் பிடிஎஃப்பை ஈபப்பாக மாற்றும் முயற்சியில் நேரத்தைச் செலவிடாதீர்கள். கொம்பும் காலும் வரிசை மாறி, படிக்க முடியாத ஒன்று வந்து சேரும். திரையைக் கிடையாகத் திருப்பிப் படிக்கலாம், அல்லது அதே நூலின் வேறு வடிவத்தைத் தேடலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் பல நூல்கள் ஈபப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக அமைத்த பிடிஎஃப்பாகவும் கிடைக்கின்றன.

விலை கொடுத்து வாங்கினேன், வந்ததோ சில கேபி அளவுள்ள கோப்பு

அதன் பின்னொட்டு ஏசிஎஸ்எம் என்று இருக்கும். அது நூலன்று, நூலைப் பெறுவதற்கான சீட்டு. கோயிலில் செருப்பு விடும் இடத்தில் தரும் வில்லையைப் போல, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் பொருள் கைக்கு வரும். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளை நிறுவி, உங்கள் அடோபி கணக்கால் கணினிக்கு அனுமதி பெற்று, அந்தச் சீட்டை அதில் திறந்தால் உண்மையான ஈபப் இறங்கும். பிறகு கோபோவை இணைத்தால் அதே மென்பொருளிலிருந்து நூலைக் கருவிக்கு இழுத்துவிடலாம். கிண்டிலுக்கு இந்த வழி கிடையாது. கிண்டிலில் படிக்க விரும்புபவர் வாங்கும் முன்பே கடையின் வடிவக் குறிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

'வேறொரு பயனர் ஏற்கெனவே பெற்றுவிட்டார்' என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால், அந்தச் சீட்டை நீங்களோ வீட்டிலுள்ளவர்களோ முன்பு வேறு அடோபி கணக்கில் திறந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் கணக்கே இல்லாமல், கணினிக்கு மட்டும் அனுமதி கொடுத்துத் திறந்ததால் வரும் வினை இது. முதலில் திறந்த அனுமதி எதுவென்று கண்டுபிடித்து அதற்கே திரும்புங்கள்; முடியாவிட்டால் விற்ற கடைக்கு எழுதிப் புதிய சீட்டுக் கேளுங்கள்.

'இந்தக் கருவிக்கு உரிமம் இல்லை' என்கிறது

இதைக் கோளாறு என்று பட்டியலில் சேர்ப்பதே ஒரு வகையில் தவறு. கருவி தனக்கு இட்ட வேலையைச் சரியாகச் செய்கிறது. டிஆர்எம் என்னும் பூட்டுள்ள நூல், வாங்கியவரின் கணக்கில் பதிவான கருவியில் மட்டுமே திறக்கும். ஆகையால் முதலில் பார்க்க வேண்டியது, கருவி எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்பது. பழைய கருவியை விற்றுவிட்டுப் புதியது வாங்கியவர்களும், மகன் பெயரில் வாங்கி அப்பா படிக்கும் வீடுகளும் இங்கேதான் இடறுகிறார்கள். கருவியை உரிய கணக்கில் மறுபதிவு செய்து, அருகலை (வைஃபை) வழியாக நூலை மறுபடி இறக்கினால் திறந்துவிடும். கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்திவிட்டது. அதைச் சொல்லித்தரும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி நேரத்தை இழக்க வேண்டாம்.

பூட்டை உடைக்கும் மென்பொருள் பற்றி என்னிடம் கேட்காதவர் குறைவு. நான் செய்து கொடுப்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் தடுக்காத நோக்கங்களுக்கு அதே பிரிவு விலக்கும் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த விலக்கின் எல்லை எதுவென்பதை ஒரு வரவேற்பறையில் உட்கார்ந்து நான் முடிவு செய்ய முடியாது. தவிர, நூலை விற்ற கடையோடு நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் தனி. பூட்டுப் பிடிக்காதவருக்கு என் பரிந்துரை, பூட்டில்லாமல் விற்கும் பதிப்பாளரிடம் வாங்குவது. பதிப்பாளர் தம் தளத்திலேயே நேரடியாக விற்கிறாரா என்று கேட்டு ஒரு மடல் எழுதிப் பாருங்கள். சிறிய பதிப்பகங்கள் பல நேரம் தாமே ஈபப்பை அனுப்பிவைக்கின்றன.

நேற்றுவரை இருந்த நூல் இன்று திறக்கவில்லை

நூலகத்தில் இரவல் பெற்றதென்றால் தவணை முடிந்திருக்கும். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் போன்ற நூலகங்களின் தமிழ் மின்னூல்களை 'லிபி' (Libby) என்ற நூலக இரவல் செயலியில் எடுப்பவர்கள் மறுபடி இரவல் பெற்றுக்கொள்ளலாம். நூலக நூல்களைக் கிண்டிலில் படிக்கும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கோப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை

திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராத ஒரே அறிகுறி இது. வாட்ஸாப் குழுவில் வந்தது, நண்பரின் நண்பர் கொடுத்தது என்பார்கள். அத்தகைய கோப்பில் பதிப்பு விவரப் பக்கம் காணாமல் போயிருக்கும், அல்லது விற்பனையில் உள்ள நூலின் அட்டை அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பலர் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள். கண்டுபிடிப்புகளுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது. நூல்களுக்கு உரியது பதிப்புரிமை. இந்தியாவில் அது எழுத்தாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது, அந்த 60 ஆண்டும் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் எண்ணப்படுகிறது. ஆகவே 1965இல் எந்த மாதத்தில் இறந்தவரானாலும் அவர் வாழ்நாளில் வெளியான நூல்கள் 2026 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகிவிட்டன. மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்த்தவருக்கும் தனியே கணக்குப் பார்க்க வேண்டும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 60க்குப் பதில் 70 ஆண்டுகள் என்பதால், சென்னையில் தடையின்றிப் பகிரக்கூடிய ஒன்றை யாழ்ப்பாணத்தில் பகிர்வதற்கு இன்னும் காலம் இருக்கலாம்.

நாட்டுடைமையான நூல்கள் தனி வகை. 1954இல் மறைந்த கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியது. அவற்றை யாரும் மின்னூலாக்கிப் பரப்பலாம். ஆனால் அண்மைக்காலப் பதிப்பொன்றிலுள்ள ஓவியங்களும், பதிப்பாசிரியரின் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் அந்த அனுமதிக்குள் வருவதில்லை. உரையை மட்டும் எடுத்தால் சிக்கலில்லை. ஒரு பதிப்பகத்தின் நூலைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்புவது வேறு.

உரிமையாளரே சில நிபந்தனைகளோடு பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த நூல்களில், மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் ஈபப்பை ஏஇசட்டபிள்யூ3 ஆக்குவதும் தவறா என்று சிலர் தயங்குகிறார்கள். அவ்வுரிமத்தின் 4.0 பதிப்பு வடிவ மாற்றத்தை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. உரையைத் திருத்துவதும் சுருக்குவதும்தான் கூடாது.

மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பு 1998இல் தொடங்கித் தமிழ் இலக்கியங்களை இலவசமாக வழங்கிவருகிறது. அதன் கோப்புகள் ஒவ்வொன்றின் தலைப்பிலும், தட்டெழுதியவர், பிழைதிருத்தியவர் பெயர்களோடு, இந்த முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் விருப்பம்போல் பரப்பலாம் என்ற குறிப்பு இருக்கும். வாசிப்பானில் அழகாகத் தெரிய வேண்டுமென்று மின்னூலாக்குபவர்கள் முதலில் வெட்டி எறிவது அந்தப் பக்கத்தைத்தான். வெட்ட வேண்டியதில்லை. காலிபரின் 'எடிட் புக்' வசதியில் அந்தப் பகுதிக்குப் பின் ஒரு பக்கப்பிரிவு இட்டு அதைத் தனி அத்தியாயமாக்கிவிட்டால், பொருளடக்கத்தில் ஒரு வரியாக மட்டும் நிற்கும். வாசிப்பவர் ஒரே தொடுதலில் தாண்டி முதற்பாடலுக்குப் போய்விடலாம்.

அட்டைப் படம் மட்டும் மறைந்துவிட்டது

காலிபர் வழியாக ஏற்றிய நூல்களின் அட்டைகள், கிண்டில் இணையத்தோடு இணைந்த பின் வெற்றுச் சாம்பல் நிறமாக மாறுவதுண்டு. நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிளால் மறுபடி இணைத்து, காலிபர் கருவியை அடையாளம் கண்டுகொள்ளும்வரை காத்திருந்து, முறைப்படி 'இஜெக்ட்' செய்தால் அட்டைகள் திரும்பிவிடும்.